குருதிச் சுரப்புநீரும் சிறுநீர்ப்பைப் புற்றும்

முன்னுரை

புற்றுநோய் என்றதும் நம் நாட்டார்க்கு வாயும் மார்பும் கருப்பையும் நினைவுக்கு வரும். சிறுநீர்ப்பை என்னும் உறுப்பை எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 6,14,000 பேர்க்கு இவ்வுறுப்பில் புற்று இருப்பது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2,20,000 பேர் அதனால் மாண்டனர். நோயுற்றாரில் நான்கில் மூன்று பங்கினர் ஆடவர். ஒரு பங்கினரே மகளிர்.

ஏன் இந்த வேறுபாடு? ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுநீர்ப்பையின் அமைப்பிலே பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை வாழ்க்கை முறையில் உள்ளதா? அல்லது குருதியிலே கலந்தோடும் சுரப்புநீர்களில் உள்ளதா? அறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் இக்கேள்வியை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம். குருதியில் ஒரு பொருள் கூடியோ குறைந்தோ காணப்படுமாயின், அதைக்கொண்டு வரவிருக்கும் நோயை முன்னறிந்து சொல்ல முடியுமா என்பதும் இதனோடு சேர்ந்து வரும் கேள்வி.

சிறுநீர்ப்பையும் அதன் பகைவரும்

சிறுநீரகங்கள் குருதியை ஓயாது வடிகட்டுகின்றன. வடித்த கழிவு, சிறுநீராகச் சிறுநீர்ப்பையில் வந்து தங்குகிறது. ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளும் இப்பையில் சிறுநீர் சில மணி நேரம் தேங்கி நிற்கும். உடம்பின் வேறு எவ்விடத்திலும் நில்லாது விரைந்தோடும் நச்சுப் பொருள்கள், இங்கே செறிந்த நிலையில் தங்கி, பையின் உட்படலத்தைத் தீண்டிக் கொண்டேயிருக்கின்றன. இப்புற்றில் பெரும்பான்மை அந்த உட்படலத்தில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வுண்மையை முதலில் உலகுக்கு உணர்த்தியவர் லுட்விக் ரேன் என்னும் செருமானிய அறுவை மருத்துவர். பிராங்க்பர்ட் நகரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் செஞ்சாயம் செய்துவந்த 45 தொழிலாளருள் மூவர்க்குச் சிறுநீர்ப்பைக் கட்டி இருந்ததை அவர் 1895-இல் எடுத்துக்காட்டினார். அவர் ஐயுற்ற பொருள் அனிலின். பிற்காலத்து ஆய்வாளர் உண்மைக் குற்றவாளிகள் பீட்டா நாப்தைலமீன், பென்சிடின் என்பன என்று கண்டனர். 1938-இல் ஹியூப்பர் என்பவர் நாய்களுக்குப் பீட்டா நாப்தைலமீனைக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையில் புற்று தோன்றியதைக் காட்டினார்.

சாயத் தொழிற்சாலையை எட்டிப் பாராதவர்க்கும் அந்நச்சுப் பொருள் கிட்டுகிறது என்பதுதான் வியப்பு. புகையிலைப் புகையிலும் அது உண்டு. பீடியோ சுருட்டோ சிகரெட்டோ புகைப்பவரின் நுரையீரலிலிருந்து அது குருதிக்குச் சென்று, சிறுநீரில் இறங்கி, சிறுநீர்ப்பையை அடைகிறது. புகைப்பவர்க்குச் சிறுநீர்ப்பைப் புற்று வரும் வாய்ப்பு புகையாதவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்நோய் உற்றாரில் ஏறத்தாழப் பாதிப் பேர்க்குப் புகையே காரணம் என்று கணக்கிட்டுள்ளனர். பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 1999-இலேயே தடுத்தது. நாடு முழுவதற்குமான தடை 2008 அக்டோபர் 2-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்நோயைப் பொறுத்தவரை நம் திருவனந்தபுரத்தார்க்கு அவ்வகையில் ஒரு முன்தொடக்கம் கிடைத்தது எனலாம்.

நம் நாட்டில் புகைப்போர் பெரும்பாலும் ஆடவரே. எனவே ஆடவர்க்கு இந்நோய் மிகுதியாக வருவதன் காரணம் அவ்வளவில் முடிந்துவிட்டது என்று தோன்றலாம். ஆனால் புகை ஒன்றே காரணமாயின், ஆணும் பெண்ணும் ஒத்த அளவு புகைக்கும் நாடுகளிலும், ஒருபோதும் புகையாத மக்களிடையேயும் இவ்வேறுபாடு மறைந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் மறையவில்லை, குறைந்ததே தவிர எஞ்சி நிற்கிறது. அந்த எஞ்சிய பகுதிக்கு விடை தேடியபோதுதான் ஆய்வாளர் பார்வை சுரப்புநீர்களின்பால் திரும்பியது.

சுரப்புநீர் என்பது யாது?

ஹார்மோன் என்ற சொல்லை 1905-இல் முதன்முதல் வழங்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அதனை ஆக்கினார். நாளமில்லாச் சுரப்பிகளில் ஊறிக் குருதியில் நேரே கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் தூதுப் பொருள்களே இவை.

இவற்றின் அளவு நம் கற்பனைக்கு எட்டாத அளவு சிறியது. ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோன், வளர்ந்த ஆடவனின் குருதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1,000 நானோகிராம் வரை இருக்கும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோகிராம். பெண்ணின் குருதியிலும் டெஸ்டோஸ்டிரோன் உண்டு. ஆனால் அது ஆடவனுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்துணைச் சிற்றளவை அளக்கும் முறையைப் பெர்சனும் ரோசலின் யாலோ அம்மையாரும் 1959-60 அளவில் முதலில் இன்சுலினுக்காக உருவாக்கினர். அதற்காக அம்மையார் 1977-இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார்.

ஆணை தூதன் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பெற்றுக்கொள்ள ஆள் வேண்டும். உயிரணுவில் அவ்வேலையைச் செய்யும் புரதப் பொருளுக்கு ஏற்பி என்று பெயர். டெஸ்டோஸ்டிரோனை ஏற்கும் ஏற்பி எந்த உயிரணுவில் உண்டோ, அந்த உயிரணுவே அதன் ஆணைக்குக் கட்டுப்படும். இந்த ஏற்பி சிறுநீர்ப்பையின் உட்படலத்திலும் காணப்படுகிறது. இனப்பெருக்கத்தோடு தொடர்பில்லாத ஓர் உறுப்பில் ஆண்மைச் சுரப்பின் ஏற்பி இருப்பது ஆய்வாளர்க்குப் புதிய வழியொன்றைக் காட்டியது. ஆண்மைச் சுரப்பைத் தடுத்தால் விந்துப்பையின் அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியின் புற்று ஒடுங்கும் என்பதைச் சார்லசு ஹக்கின்சு 1941-இலேயே காட்டியிருந்தார். 1966-இல் நோபல் பரிசும் பெற்றிருந்தார். அதே முறை சிறுநீர்ப்பைக்கும் பொருந்துமோ என்ற ஐயம் எழுந்தது இயல்பே.

எலிகள் கூறும் செய்தி

2007-இல் மியாமோட்டோவும் அவர்தம் குழுவினரும் சுண்டெலிகளைக்கொண்டு செய்த ஆய்வொன்றை வெளியிட்டனர். சிறுநீர்ப்பையில் புற்றை உண்டாக்கும் வேதிப்பொருளை எல்லா எலிகளுக்கும் கொடுத்தனர். இயல்பான ஆண் எலிகளில் நூற்றுக்கு 92-க்கு மேல் புற்றுற்றன. இயல்பான பெண் எலிகளில் நூற்றுக்கு 42 மட்டுமே புற்றுற்றன. விதை நீக்கப்பட்ட ஆண் எலிகளில் நூற்றுக்கு 50 புற்றுற்றன. ஆண்மைச் சுரப்பின் ஏற்பியே இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளிலோ, ஆணாயினும் பெண்ணாயினும், ஒன்றுக்கும் புற்று வரவில்லை.

இந்த நான்கு எண்களையும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். புகையோ தொழிலோ எலிகளுக்கு இல்லை; எல்லாம் ஒரே நஞ்சையே உண்டன. ஆகவே ஆண் பெண் வேறுபாட்டில் சுரப்புநீர்க்கும் பங்கு உண்டு என்பது முதற்செய்தி. விதை நீக்கியதும் ஆண் எலியின் நிலை பெண் எலியின் நிலையை ஒட்டி வந்தது இதனை உறுதிப்படுத்துகிறது. இரண்டாம் செய்தி இதனினும் நுட்பமானது. குருதியில் சுரப்பு குறைந்தபோது நோய் குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஏற்பி இல்லாதபோதுதான் ஒழிந்தது. ஆகவே குருதியில் எவ்வளவு ஓடுகிறது என்பது கதையின் ஒரு பாதியே. உயிரணு அதனை எவ்வாறு ஏற்கிறது என்பது மறு பாதி. அந்த மறு பாதி எந்தக் குருதிப் பரிசோதனையிலும் தெரியாது.

மகளிர் நிலை

பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜன் இந்நோயினின்று காக்குமோ என்ற கேள்வியும் எழுந்தது. மாதவிடாய் நின்ற மகளிர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு, நில்லாதவரைவிட மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்கச் செவிலியரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றின் முடிவு 2006-இல் வெளிவந்தது. 45 வயதிலோ அதற்கு முன்போ மாதவிடாய் நின்றவர்க்கு, 50 வயதிலோ அதற்குப் பின்போ நின்றவரைவிட இந்நோய் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருந்ததாக அது கூறியது.

இங்கும் புகை குறுக்கிடுகிறது. புகைக்கும் மகளிர்க்கு மாதவிடாய் முன்னரே நின்றுவிடுவது வழக்கம். அப்படியாயின் நோய்க்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததா, புகையா? இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளர்க்குப் பெரும்பாடு. ஒன்றோடொன்று சேர்ந்து நடப்பவை எல்லாம் ஒன்றற்கொன்று காரணம் ஆகமாட்டா என்ற அளவை நூலார் பாடம், மருத்துவத்தில் ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது.

ஓர் எண்ணின் பொருள்

கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்பவர் அண்ணாந்து பார்த்தால், துணிக்கடைப் பலகைகளுக்கு இடையே குருதிப் பரிசோதனை நிலையங்களின் பலகைகளையும் காணலாம். முழு உடற்பரிசோதனை என்ற பெயரில் பத்து இருபது அளவுகளை ஒருங்கே எடுத்துத் தருகின்றனர். அங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள சாலைக் கடைத்தெருவில் மளிகை வாணிகம் செய்யும் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர், நான் உயிர்வேதியியல் பயில்வதை அறிந்து, ஒருநாள் தம் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல டெஸ்டோஸ்டிரோன் கூடுதல்னு போட்டிருக்கான். ஆம்பளைகளுக்குத்தான் மூத்திரப்பையில புத்து ஜாஸ்தியா வருதுங்காங்க. இது அதுக்கு அடையாளமா?" என்றார்.

"இல்லை, அண்ணாச்சி. இந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது" என்றேன். பின்னர், "பீடி உண்டா?" என்று கேட்டேன்.

"அது நாப்பது வருசமா உண்டு. நான் கேட்டது இதை" என்று தாளைத் தட்டிக் காட்டினார்.

நம்மில் பலர் நிலையும் இதுவே. அச்சிட்ட தாளில் உள்ள எண் நம்மை அச்சுறுத்துகிறது. சட்டைப்பையில் உள்ள பீடிக்கட்டு அச்சுறுத்துவதில்லை. அந்த எண்ணை நம்பி முடிவு கட்டலாகாது என்பதற்கு அவரிடம் நான் கூறிய காரணங்களை இங்கும் கூறுகிறேன்.

முதலாவது, டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுதும் ஒரே அளவாக இராது. காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். வயது ஏற ஏறக் குறையும். ஒரு நாளின் ஒரு துளிக் குருதி, நாற்பது ஆண்டு வாழ்வின் சான்றாகாது.

இரண்டாவது, குருதியிலுள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்து கிடக்கிறது. எதனோடும் சேராது தனித்துத் திரிவது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. பிணைக்கும் புரதம் மிகுந்தால் மொத்த அளவும் மிகுந்து காட்டும். உயிரணுவுக்குக் கிட்டுவது அதற்கேற்ப மிகுந்திருக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, நோயே சுரப்பின் அளவை மாற்றிவிடும். நெடுநாள் நோயுற்றவர்க்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது இயல்பு. நோய் வந்தபின் குருதியை எடுத்து அளந்தால், அங்கே காண்பது காரணமா விளைவா என்று தெரியாது. ஆகவே நோயற்ற மக்களிடம் முன்னரே குருதி எடுத்துக் குளிர்பதனத்தில் சேமித்து, பல ஆண்டு காத்திருந்து, யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தல் வேண்டும். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரிடம் இவ்வாறு குருதி சேமித்தனர்.

காத்திருந்து காணும் இம்முறைக்கு நம் அருகிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அதனால் புற்றும் மிகுதி என்றே மக்கள் எண்ணினர். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1990 முதல் அம்மக்களைக் கணக்கெடுத்தனர். அவருள் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் வாழ்ந்தோர்க்குப் புற்று மிகுதியாக வந்ததாக அவ்வாய்வில் காணப்படவில்லை. பொறுமையாக எண்ணிப் பார்க்கும்போது, அச்சத்தின் கணக்கும் உண்மையின் கணக்கும் வேறுபடுவது இப்படித்தான் வெளிப்படுகிறது.

சுரப்புநீர் அளவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் குறித்து மனிதரிடையே நடந்த ஆய்வுகள் இன்னும் ஒருமுகமான தீர்ப்பைத் தரவில்லை. எலியில் தெளிவாகத் தெரிந்தது மனிதரில் மங்கித் தெரிகிறது. இந்த நோயை முன்னறிய எந்தச் சுரப்புநீர்ப் பரிசோதனையும் மருத்துவ நடைமுறையில் இல்லை.

ஒரு மாத்திரையின் வரலாறு

சுரப்புநீரோடு தொடர்புடைய இக்கேள்வி நம் நாட்டில் ஒருமுறை வீட்டுக்கு வீடு பேச்சானது. அது ஆண்மைச் சுரப்பைப் பற்றியதன்று, இன்சுலினைப் பற்றியது. நீரிழிவு நோயில் பெரும்பான்மை வகையில், இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் ஆணையை ஏற்பதில்லை. அந்த ஏற்புத்திறனை மீட்டுத் தரும் மாத்திரைகளுள் ஒன்று பயோகிளிட்டசோன். விலை குறைவாதலின் நம் மருத்துவர் பலரும் எழுதித் தந்தனர்.

இம்மருந்தை உண்ட ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றின; பெண் எலிகளில் தோன்றவில்லை. பின்னர் ஐரோப்பிய நாடுகளில் 5,238 நீரிழிவு நோயாளரைக்கொண்டு நடந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. மருந்து உண்ட 2,605 பேரில் 14 பேர்க்கும், வெற்று மாத்திரை உண்ட 2,633 பேரில் 6 பேர்க்கும் சிறுநீர்ப்பைப் புற்று வந்திருந்தது. 2011-இல் பிரான்சு நாடு மருந்தின் வழக்கத்தை நிறுத்தியது. இந்திய அரசு 2013 ஜூன் 18 அன்று தடை விதித்தது. நீரிழிவு மருத்துவரிடையே பெரும் விவாதம் எழுந்தது. ஆறு வாரத்தில், ஜூலை 31 அன்று, சிறுநீர்ப்பைப் புற்று பற்றிய எச்சரிக்கையை மருந்தோடு அச்சிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் அத்தடை நீக்கப்பட்டது.

உண்மை யாது? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1,93,099 நீரிழிவு நோயாளரைத் தொடர்ந்த ஆய்வின் இறுதி முடிவு 2015-இல் வந்தது. ஓர் இலட்சம் பேரை ஓராண்டு கண்காணித்தால், மருந்து உண்போரில் 89.8 பேர்க்கும் உண்ணாதோரில் 75.9 பேர்க்கும் நோய் வந்தது. வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைச் சமன் செய்து பார்த்தபோது இவ்வேறுபாடு பெரிதும் கரைந்து, தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே எஞ்சியது. ஆனால் 1,45,806 பேரைக்கொண்டு பிரிட்டனில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, மருந்து உண்டோர்க்கு வாய்ப்பு 63 விழுக்காடு மிகுதி என்றது.

63 விழுக்காடு என்றதும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் எதன் மேல் 63 என்று கேட்டல் வேண்டும். இலட்சத்தில் 76 பேர்க்கு வரும் நோய் 63 விழுக்காடு ஏறினால் ஏறத்தாழ 124 பேர்க்கு வரும். மீதி 99,876 பேர்க்கு அவ்வாண்டில் வாராது. நாற்பத்தெட்டுப் பேரின் உயிர் சிறிதன்று. ஆனால் நீரிழிவைக் கட்டுப்படுத்தாது விட்டால் கண்ணும் காலும் சிறுநீரகமும் இழப்போர் அதனினும் பலர். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பவரே நல்ல மருத்துவர். சிறுநீர்ப்பைப் புற்று உள்ளவர்க்கும், சிறுநீரில் குருதி கண்டு காரணம் அறியப்படாதவர்க்கும் இம்மருந்து தரலாகாது. மற்றவர் செய்தித்தாளைப் பார்த்துத் தாமாகவே மாத்திரையை நிறுத்தாது, மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்தல் வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியது

குருதியிலுள்ள சுரப்புநீரின் அளவை நாம் எளிதில் மாற்ற இயலாது. மாற்ற வேண்டும் என்று எவரும் சொல்லவும் இல்லை. நம் கையில் உள்ளவை இரண்டு. ஒன்று, புகையை விடுதல். விட்ட நாள் முதல் ஆண்டுதோறும் நோய் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். நாற்பது ஆண்டு புகைத்தவர்க்கும் இது பொருந்தும்.

மற்றொன்று, சிறுநீரில் குருதி தென்பட்டால் உடனே மருத்துவரை அடைதல். இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியில்லாத குருதிப்போக்கு. ஒரு நாள் தோன்றும். பின் பல நாள் தோன்றாது. வலி இல்லையே, நின்றுவிட்டதே என்று மக்கள் வாளாவிருப்பர். இதில் மிகவும் இழப்பவர் பெண்டிரே. மாதவிடாய் நின்ற தாய்மார் குருதியைக் கண்டாலும் நாணத்தால் பிறரிடம் கூறார்; கூறினாலும் நீர்க்கடுப்பு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. அதனால் ஆடவரினும் குறைந்த எண்ணிக்கையில் இந்நோய் உற்றும், முற்றிய நிலையில் கண்டறியப்படுவோர் மகளிரில் மிகுதி. ஆண்மைச் சுரப்பு குறைவு என்பது ஒரு பெண்ணுக்கு நோய் வாராது என்பதற்கு உறுதிச்சீட்டு ஆகாது. நீர்க்கடுப்பு மருந்து உண்டபின்னும் குருதி காணப்படுமாயின், சிறுநீர்ப்பையை உள்நோக்குக் குழாயால் பார்த்தே தீர வேண்டும்.

அவ்வாறு உரிய காலத்தில் சென்றால் அஞ்சுவதற்கில்லை. கண்டறியப்படும் போது இந்நோய் பத்தில் ஏழு பேர்க்கு உட்படலத்தின் அளவிலேயே நிற்கிறது. அந்நிலையில் குழாய் வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். காசநோய் வாராதிருக்கக் குழந்தைகளுக்குக் குத்தும் அதே பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, நோய் மீண்டும் வாராது தடுக்கும் முறையை 1976-இல் மொராலசு என்பவர் வெளியிட்டார். இன்றும் அது கையாளப்படுகிறது. கட்டி எடுக்கப்பட்டவர் குறித்த காலந்தோறும் மீண்டும் மீண்டும் சென்று பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஏனெனில் இது திரும்பி வரும் இயல்புடைய நோய்.

1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் 1981-இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையமும் நம் நகரிலேயே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு பேருந்தில் ஏறினால் அங்கே இறங்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களிடம், குறிப்பாக அன்னையரிடமும் பாட்டியரிடமும், இச்செய்தியைத் தமிழில் விளங்கச் சொல்வது தமிழ் பயிலும் மாணவராகிய நம் கடமை. ஆய்வுக்கூடத்தின் எண்களை ஆய்வாளர் ஆராயட்டும். சிறுநீரில் குருதி தோன்றினால் அதனை மறையாது சொல்லும் துணிவை நம் வீடுகளில் நாம் வளர்ப்போம்.